டிரெட்ஸில் பில் டிஸ்கவுண்ட் செய்வது எப்படி?

ஓசூரிலோ கோவையிலோ பெரிய வண்டிக் கம்பெனிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைக்கு, ஆர்டர் கூடும் மாதத்தில்தான் பண நெருக்கடி அதிகம். கம்பிக்கு இன்றே பணம் கட்ட வேண்டும், வாரக்கடைசியில் கூலி, 20-ம் தேதி ஜிஎஸ்டி. பார்ட்டி (வாங்கும் கம்பெனி) பணமோ 45 நாள் கழித்துத்தான் வரும். இந்த இடைவெளியை வட்டிக்கடையில் அடைக்க வேண்டியதில்லை. வரவேண்டிய பில்லை வங்கிக்கு விற்று, வட்டியைக் கழித்துக்கொண்டு பணத்தை முன்கூட்டியே வாங்கலாம். இதுதான் பில் டிஸ்கவுண்ட்.

ரிசர்வ் வங்கி அனுமதியுடன் ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற டிரெட்ஸ் தளங்கள், அதாவது சிறுதொழில்களின் பில்லை ஏலத்தில் விற்கும் இணையதளங்கள், நடக்கின்றன. உங்கள் பில்லை அங்கே ஏற்றினால் வங்கிகள் ஏலம் கேட்கும். அவை பார்ப்பது வாங்கும் கம்பெனியின் தரத்தை. அதனால் அடமானம் வேண்டாம், வட்டியும் குறைவு. பார்ட்டி பணம் கட்டத் தவறினாலும் வங்கி உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது.

முதல் போன் பார்ட்டியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போக வேண்டும். ஆண்டு விற்பனை 250 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் டிரெட்ஸில் பதிய வேண்டும் என்பது மத்திய அரசின் உத்தரவு. ஆனால் பதிந்திருக்கும் கம்பெனி உங்கள் பில்லை ஒப்புக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தத் தளம், உங்கள் வெண்டார் கோடு (பார்ட்டி உங்களுக்குக் கொடுத்த சப்ளையர் எண்) சேர்ந்திருக்கிறதா, வட்டி யார் பொறுப்பு என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுக்கு உத்யம் சான்று (சிறுதொழில் பதிவுச் சான்று), பான், ஜிஎஸ்டி சான்று, வங்கி விவரம், உரிமையாளர் அல்லது பங்குதாரர் ஆவணங்கள் போதும். உங்களுக்கு சிசி கணக்கு (கேஷ் கிரெடிட்: சரக்கையும் பாக்கியையும் ஈடாகக் காட்டி லிமிட் வரை எடுக்கும் வங்கிக் கடன்) இருந்தால், வரவேண்டிய பாக்கி எல்லாம் ஏற்கெனவே அந்த வங்கியின் பிடியில்தான் இருக்கும். அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வேண்டும். பெரும்பாலும் தாமதமாவது இதுதான். விண்ணப்பத்தை முதல் நாளே கொடுங்கள்.

பில் எங்கே சிக்கும்? ஜிஆர்என்-னில், அதாவது சரக்கு வந்து சேர்ந்ததற்குப் பார்ட்டி போடும் ரசீதில். 5,000 பீஸ் அனுப்பி பில் போட்டிருப்பீர்கள். ஸ்டோர்ஸில் 4,960 ஏற்று, 40 ரிஜெக்ட் என்று பதிந்திருப்பார்கள். பில்லும் ஜிஆர்என்-னும் ஒத்துப்போகாத வரை பார்ட்டி ‘ஏற்பு’ கொடுக்க மாட்டார்; ஏற்பு இல்லாமல் ஏலம் இல்லை. சரக்கு இறங்கிய மறுநாளே ஜிஆர்என் நகலைக் கேட்டு வாங்குங்கள். குறைவுக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு, நிகரத் தொகையை ஏற்றுங்கள். விலை திருத்தம் பர்ச்சேஸ் ஆர்டரில் ஏறாமல் கிடப்பதும் இதே வேலையைச் செய்யும்.

ஏற்பு வந்தபின் ஏலத்தில் குறைந்த வட்டியைத் தேர்ந்தால், ஓரிரு வேலை நாளில் பணம் கணக்கில் ஏறும். 10 லட்சம் பில், 40 நாள், 9% வட்டி என்றால் கழிவு 9,863 ரூபாய். தளக் கட்டணம் தனி. கம்பி வியாபாரி ரொக்கத்துக்கு 2% குறைக்கிறார் என்றால், 10 லட்சத்துக்கு 20,000 மிச்சம். அந்த மாதம் டிஸ்கவுண்ட் செய்வது லாபம். செலவு ஒன்றும் இல்லாத மாதத்தில் வெறுமனே பில்லை விற்காதீர்கள்.

எல்லாரும் கோட்டைவிடுவது சிசி கணக்கில். விற்ற பில்லை, வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் (சரக்கு, பாக்கிப் பட்டியல்) பாக்கியாகக் காட்டக் கூடாது. காட்டினால் ஒரே பில்லுக்கு இரண்டு கடன். எடுத்துவிட்டால் டிராயிங் பவர் (சரக்கு, பாக்கியை வைத்து வங்கி கணக்கிடும் கடன் தகுதி) குறையும். சிசி லிமிட் 50 லட்சம், பணம் கொடுத்த சரக்கு 30 லட்சம், பாக்கி 60 லட்சம், மார்ஜின் (அந்த மதிப்பில் வங்கி கழித்துக்கொள்ளும் பங்கு) 25% என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராயிங் பவர் 67.5 லட்சம், லிமிட்டைவிட 17.5 லட்சம் அதிகம். 10 லட்சம் பில்லை விற்றால் டிராயிங் பவர் 60 லட்சமாகும், லிமிட் பாதிக்காது. அத்தனையும் புதுப் பணம். 40 லட்சத்தை விற்றாலோ 37.5-க்கு இறங்கி, சிசியில் 12.5 லட்சம் கையைவிட்டுப் போகும். லிமிட்டுக்கு மேல் நிற்கும் பில்களை மட்டும் விற்பதே கெட்டிக்காரத்தனம்.

பார்ட்டி டிரெட்ஸுக்கு வர மறுத்தால் தனியார் ஃபேக்டரிங் கம்பெனிகள் உண்டு. பில் தொகையில் 80% அளவுக்கு முன்பணம் தந்து, வசூலானபின் மிச்சத்தைத் தருவார்கள். ஒப்பந்தத்தில் ‘பார்ட்டி கட்டாவிட்டால் விற்றவரே திருப்பித் தர வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்த வரி இருந்தால் அது உங்கள் பெயரில் வாங்கும் கடன்தான்.