3000 ரூபாய்க்குள்ள பாக்கெட்ல வைக்க ஒரு மடக்குக் கத்தி: எப்படிப் பாத்து வாங்குறது

மடக்குக் கத்தி வாங்கணும்னு முடிவு பண்ணவங்க முதல்ல கேக்குறது எந்த பிராண்டு, என்ன ஸ்டீல்னுதான். அத அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒரு வாரம் நீங்க எத அறுக்க, எத கிழிக்க அல்லாடுறீங்கன்னு கவனிங்க. பார்சல்ல சுத்திச் சுத்தி ஒட்டுன டேப்பு, அரிசி மூட்டை வாய்த் தையல் (சரியான நூலப் புடிச்சு இழுத்தா தானா பிரிஞ்சு வரும்தான், ஆனா எது அந்த நூலுன்னு அவசரத்துக்கு எவனுக்குத் தெரியுது), சணல் கயிறு, கேபிள் டை, புதுச் சட்டைல தொங்குற டேக், ஆபீஸ்ல மதியம் ஒரு கொய்யாப்பழம். கிட்டத்தட்ட அவ்ளோதான். இதுல எதுக்குமே அஞ்சு இஞ்ச் பிளேடு வேண்டாம். ரெண்டரைல இருந்து மூணே கால் இஞ்சுக்குள்ள இருந்தா எல்லா வேலையும் நடக்கும், பேண்ட் பாக்கெட்லயும் உறுத்தாது, எடுத்தா பக்கத்துல இருக்கவங்களும் மிரள மாட்டாங்க.

ஒண்ண முதல்லயே சொல்லிடுறேன். உங்களுக்குப் பார்சல் பிரிக்கிறது மட்டும்தான் வேலைன்னா இத மேற்கொண்டு படிக்காதீங்க, ஸ்டேஷனரி கடைல கிடைக்கிற, பிளேட ஒடிச்சு ஒடிச்சு யூஸ் பண்ற கட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, மழுங்கினா ஒடிச்சுப் போட்டுட்டுப் போய்ட்டே இருக்கலாம். பழமும் நறுக்கணும், கயிறும் அறுக்கணும், வருஷக்கணக்குல ஒரே கத்தி வச்சுக்கணும்னு நினைக்கிறவங்களுக்குத்தான் மீதி.

சட்டம் பத்திப் பயப்படுறவங்க நிறைய. 1959 ஆயுதச் சட்டம், அதுக்குக் கீழ வர்ற விதிகள் படி பிளேடு 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருந்தாதான் லைசென்ஸ் கேக்குற ஆயுதக் கணக்குல வரும், அதுலயும் வீட்டு வேலை, விவசாய வேலைக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு இருக்கு. அதனால மூணு இஞ்ச் மடக்குக் கத்தி தமிழ்நாட்டுல ஒரு பிரச்சனையே இல்லன்னு சொல்லலாம். டெல்லில இருக்கவங்க மட்டும் கவனம், அங்க 1980ல போட்ட ஒரு அறிவிப்பு இருக்கு, பட்டன் தட்டுனா திறக்குற, ஸ்பிரிங்ல திறக்குற டைப்புல 7.62 சென்டிமீட்டரும் அதுக்கு மேலயும் நீளம் இருந்தா கேஸ் ஆகலாம். லண்டன் பக்கம் இருக்கவங்களுக்கு விதி இன்னும் இறுக்கம், கூர் பகுதி 3 இஞ்சுக்குள்ள இருக்கணும், விரிச்ச பிளேடு மடங்காம புடிச்சு நிறுத்துற லாக் இருக்கவே கூடாது, இல்லன்னா எதுக்கு வச்சிருக்கேன்னு தகுந்த காரணம் சொல்லணும். எந்த ஊரா இருந்தாலும் பட்டன் கத்தி வேண்டாம்ங்கிறது என் கருத்து. ராத்திரி வண்டி செக்கிங்ல போலீஸ்காரர் பாக்கெட்ல கைய விட்டு எடுக்கும்போது அது செவப்புப் பிடி போட்ட சின்னக் கத்தியா இருக்கணும், மண்டை ஓடு போட்ட கறுப்புக் கத்தியா இருந்தா நீங்க என்ன விளக்கம் சொன்னாலும் அவருக்குக் கேக்காது.

சரி, இப்ப கத்திக்கு வருவோம். எல்லாரும் ஸ்டீல் பேரப் பாக்குறாங்க, பிளேடு எவ்ளோ தடிமன்னு யாரும் பாக்குறதில்ல. உண்மைல தினசரி வேலைக்கு அதுதான் முக்கியம். மூணரை நாலு மில்லிமீட்டர் தடிமன்ல, பாக்க டேங்க் மாதிரி இருக்குற கத்திய எடுத்து ஒரு கேரட்ட வெட்டிப் பாருங்க, பாதி தூரம் போனதும் டக்குனு சத்தத்தோட கேரட் ரெண்டாப் பிளந்துக்கும். அது வெட்டல, ஆப்பு வச்சுப் பிளக்குது. அதே கேரட்ட ரெண்டு மில்லிமீட்டருக்கும் கம்மியான தடிமன்ல, கூர் பக்கம் போகப் போக இன்னும் மெலிசாகுற பிளேடு சத்தமே இல்லாம அறுத்துட்டுப் போயிடும். அட்டைப் பெட்டிலயும் இதே கதைதான், தடிச்ச பிளேடு பாதில சிக்கிக்கும், நீங்க பலத்தக் குடுத்து இழுப்பீங்க, அப்பதான் கை வழுக்கும். அதனால கடைல கத்திய விரிச்சு முதுகுப் பக்கமா கண்ணுக்கு நேரா புடிச்சுப் பாருங்க, முதுகுல இருந்து கூர் வரைக்கும் சீரா மெலிஞ்சு வருதா, இல்ல தடியா வந்து கடைசில மட்டும் சின்னதா சரிவு குடுத்திருக்கானான்னு தெரிஞ்சிடும். ரெண்டாவது ரகம்னா வச்சிட்டு வந்துடுங்க.

ஸ்டீல் விஷயத்துல சீனாக்காரன் வைக்கிற பேரப் படிக்கத் தெரிஞ்சா பாதி ஏமாத்துல இருந்து தப்பிச்சிடலாம். 3சிஆர்13ன்னு போட்டிருந்தா முன்னாடி இருக்குற 3ங்கிறது கார்பன் சுமாரா 0.3 சதவீதம், 13ங்கிறது குரோமியம் 13 சதவீதம். கார்பன் கம்மியா இருந்தா ஸ்டீல் சாஃப்ட், துருப் பிடிக்காது ஆனா ரெண்டு அட்டைப்பெட்டி அறுத்ததும் மழுங்கிடும். 8சிஆர்13ன்னா கார்பன் 0.8, கூர் நல்லா நிக்கும், சாணை பிடிக்கவும் சுலபம், இந்த பட்ஜெட்டுக்கு அது தாராளமாப் போதும். 420ன்னு மொட்டையாப் போட்டிருந்தா 3சிஆர்13 கூட்டாளின்னு வச்சுக்கோங்க. 440ன்னு மட்டும் எழுதிப் பின்னாடி எழுத்து இல்லன்னா சந்தேகப்படுங்க, 440சின்னு முழுசா எழுதியிருந்தா நல்ல சரக்கு. டி2 இப்ப நிறைய வருது, கார்பன் ஒன்றரை சதவீதம், கூர் ரொம்ப நாள் நிக்கும், ஆனா முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது, சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் காத்து அடிக்கிற ஊர்ல வேர்வை பாக்கெட்லயே வச்சிருந்தீங்கன்னா புள்ளி புள்ளியா துரு வந்துடும். எதுவுமே போடாம வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு மட்டும் போட்டிருந்தா அதுவும் ஒரு பதில்தான். அப்புறம் 600 ரூபாய்க்கு டமாஸ்கஸ்னு (நெசமானது ஸ்டீல் அடுக்குகள மடிச்சு மடிச்சு அடிச்சுச் செய்றது) அலை அலையா டிசைன் போட்டு வர்றது, மேல பொறிச்ச டிசைன் மட்டும்தான் அது, உள்ள எந்த மடிப்பும் கிடையாது. டார்ச், கண்ணாடி உடைக்கிற முனை, பெல்ட் கட்டர், விசில் எல்லாம் சேத்து ஒரே கத்தில குடுக்குறானே, அதுல உங்க காசு முக்கால்வாசி அந்தச் சாமான்களுக்குப் போயிடுது, பிளேடுக்கு மிச்சம் ஒண்ணும் இருக்காது.

லாக் வேணுமா வேண்டாமா? பழம், டேப்பு, நூலுன்னா லாக் இல்லாததே போதும், ஸ்பிரிங்தான் பிளேடப் புடிச்சு வச்சிருக்கும், குத்துற மாதிரி வேலை மட்டும் பண்ணாதீங்க, குத்தும்போதுதான் அது மடங்கி விரல்ல விழும். கயிறு, பிளாஸ்டிக் பைப், தோல்னு கொஞ்சம் முரட்டு வேலை இருந்தா லாக் உள்ளது எடுங்க. விலை கம்மில அதிகம் வர்றது லைனர் லாக், அதாவது பிடிக்குள்ள ஒரு தகடு இருக்கும், பிளேட விரிச்சதும் அது பக்கவாட்டுல நகந்து பிளேடோட அடிக்குப் பின்னாடி போய் முட்டுக் குடுத்து நிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி அந்தத் தகடு எங்க நிக்குதுன்னு உத்துப் பாருங்க. பிளேடு அடியோட அகலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல பாதிக்குள்ள நின்னா நல்லது, ஓரத்துல நூலளவு தொட்டுக்கிட்டு இருந்தா நழுவிடும், அந்தக் கோடிக்கே போயிட்டிருந்தா புதுசுலயே தேஞ்ச கணக்கு. அப்புறம் பிளேடு மடங்குற பாதைல விரல் எதுவும் இல்லாம பிடியப் புடிச்சுக்கிட்டு பிளேடோட முதுக மேஜை விளிம்புல வச்சு அழுத்துங்க, அடிக்க வேண்டாம், அழுத்தினாப் போதும். லாக் அசையவே கூடாது. முனைய ரெண்டு விரல்ல புடிச்சு இடவலமா, மேல கீழ ஆட்டிப் பாருங்க, இடவலம் லேசா ஆடுனா திருகு முடுக்கி சரி பண்ணிடலாம், மேல கீழ ஆடுனா அது சரியாகாது, வேற எடுங்க. கடைசியா மடக்கி வச்சுத் தலைகீழாப் புடிச்சு நல்லா உதறுங்க. தானா கொஞ்சம் திறந்துச்சுன்னா அது பாக்கெட்டுக்கு ஆகாது, ஏன்னு சொல்லத் தேவையில்ல. இடக்கைக்காரங்களுக்கு லைனர் லாக் அவ்ளோ தோதுப்படாது, அந்தத் தகட்ட வலக்கைக் கட்டைவிரலுக்குன்னு வச்சுத்தான் முக்காவாசிப்பேர் செய்றாங்க.

பேர் சொல்லிக் கேக்குறவங்களுக்கு, என்னோட முதல் சாய்ஸ் விக்டோரினாக்ஸ்தான். ஸ்விட்சர்லாந்துல கார்ல் எல்ஸனர் 1884ல ஆரம்பிச்ச பட்டறை, 1897ல பதிவு பண்ண ராணுவ ஆபீசர் கத்தியோட வாரிசுகள்தான் இன்னிக்குக் கடைல இருக்குற செவப்புக் கத்திகள். சாவிக்கொத்துல மாட்டணும்னா 58 மில்லிமீட்டர் கிளாசிக் எஸ்டி, அதுல வர்ற குட்டிக் கத்திரிக்கோல் பிளேட விட அதிகமா வேலைக்கு ஆகும். பழம் நறுக்கணும்னா 84 அல்லது 91 மில்லிமீட்டர் சைஸ், அந்த அளவு பிடியோடது, பிளேடு அத விடக் கம்மி. எத்தன டூல் இருக்குன்னு ஆசப்பட்டுத் தடியா எடுக்காதீங்க, ரெண்டு பிளேடு, ஓப்பனர், ஸ்க்ரூட்ரைவர் இருந்தா தாராளம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கடைல தொங்குற அதே மாதிரி செவப்புக் கத்திகள்ல பாதி டூப்ளிகேட்டு. பெரிய பிளேடோட அடில கம்பெனி பேரும் ஸ்விஸ் மேடும் பொறிச்சிருக்கணும், திறக்கும்போதும் மூடும்போதும் டப்புனு அழுத்தமா ஒரு சத்தம் வரணும், தொளதொளன்னு வந்தா கீழ வச்சிடுங்க.

ரெண்டாவது ஒப்பினெல். பிரான்ஸ்ல சவோய் மலைப்பகுதில 1890ல ஜோசப் ஒப்பினெல் செஞ்சது, பீச் மரப் பிடி, மெல்லிசு பிளேடு, லாக்குங்கிறது கழுத்துல சுத்துற ஒரு இரும்பு வளையம், அவ்ளோதான். அந்த வளையம் 1955ல வந்தது, 2000த்துக்கு அப்புறம் வர்றத மூடின நிலைலயும் லாக் பண்ணலாம். நம்பர் 8ல பிளேடு 8.5 சென்டிமீட்டர், நம்ம கைக்கு நம்பர் 6 அல்லது 7 போதும்னு எனக்குத் தோணுது. வெட்டுற சுகத்துல இந்த விலைக்கு இத அடிச்சுக்க ஆளில்ல. ஆனா மரம்ங்கிறதால ஐப்பசி கார்த்திகை மழைல பிடி ஊதி, பிளேடு நகத்துக்கு அசையாது. அப்ப வளையத்தத் திறந்துட்டு பிடியோட பின்பக்கத்த மேஜைல ஒரு தட்டு தட்டுனா பிளேடு முனை லேசா வெளிய எட்டிப்பாக்கும், அப்புறம் இழுத்துக்கலாம், சவோய்க்காரங்களே அப்படித்தான் திறக்குறாங்க. இதுல கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் ரெண்டும் வருது. கார்பன்ல எலுமிச்சை, மாங்கா வெட்டுனா பிளேடு நீலமும் சாம்பலுமா நிறம் மாறும், அது துரு இல்ல, பயப்படாதீங்க, செவப்பாப் பொடி பொடியா வந்தாதான் துரு. ஈரத்தோட மடக்கி வச்சிட்டு மறந்துடுற ஆளுன்னா ஸ்டெயின்லெஸ்ஸே எடுங்க. பட்ஜெட்டக் கொஞ்சம் ஏத்த முடியும், ஒரு கைல திறக்கணும், பாக்கெட் விளிம்புல மாட்டுற கிளிப் வேணும்னா கான்சோ மாதிரி சீன பிராண்டுகள்ல 440சி, டி2 போட்டது பாக்கலாம், மேல சொன்ன சோதனை எல்லாம் அதுக்கும் உண்டு. ஆன்லைன்ல வாங்குனா ரிட்டர்ன் பண்ண முடியுமான்னு பாத்துட்டு ஆர்டர் போடுங்க.

வாங்குன அப்புறம் தெருவுல சைக்கிள்ல வர்ற சாணைக்காரர்கிட்ட குடுத்துடாதீங்க. அவர் திறமைய நான் குறை சொல்லல, அருவாமனைக்கும் வெட்டுக்கத்திக்கும் அவர விட்டா ஆளில்ல. ஆனா தண்ணி இல்லாம வேகமா சுத்துற சக்கரத்துல இவ்ளோ மெல்லிசு பிளேடு சூடாகி ஓரம் நீலமாயிடும், அந்த இடத்துல பதம் போச்சு, அப்புறம் எத்தன தடவ தீட்டுனாலும் கூர் நிக்காது. 1000 கிரிட் (கல்லோட சொரசொரப்பச் சொல்ற நம்பர்) சாணைக்கல் ஒண்ணு வாங்கிக்கோங்க, கல்ல ஈரமாக்கி, பிளேட நேரா நிறுத்துனா 90 டிகிரி, பாதி சாச்சா 45, அதுலயும் பாதி சாச்சா வர்றதுதான் உங்களுக்கு வேணும். ஒரு பக்கமாவே தேச்சுக்கிட்டு வாங்க, மறுபக்கம் ஓரத்துல விரல வெளிப்பக்கமா இழுத்துப் பாத்தா சொரசொரன்னு ஒரு பிசிறு தட்டும், அது அடில இருந்து முனை வரைக்கும் வந்துட்டா பக்கத்த மாத்துங்க. ரெண்டு பக்கமும் முடிஞ்சதும் அழுத்தமே குடுக்காம மாத்தி மாத்தி நாலஞ்சு இழுப்பு, அப்புறம் பழைய தோல் பெல்ட்ல பின்னோக்கி இழுத்தா பிசிறு போயிடும். செய்தித்தாள ஒரு கைல தொங்கவிட்டு அறுத்துப் பாருங்க, எங்க சிக்குதோ அங்க இன்னும் வேலை பாக்கி. கல் இல்லாத எடத்துல பீங்கான் கப்ப கவுத்துப் போட்டு அடில பாலிஷ் இல்லாம சொரசொரப்பா இருக்குற வளையத்துல தேச்சாலும் அவசரத்துக்கு ஆகும்.

டேப்பு அறுத்து அறுத்து பிளேடுல பசை ஒட்டிக்கிட்டு, தூசியும் சேந்து கறுப்பா ஆயிடும், ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுத் துணில துடைச்சா வந்துடும். பலாப்பழம் அறுக்கப்போறீங்கன்னா முன்னாடியே தடவிக்கோங்க. ஆனா மடங்குற மூட்டுக்குள்ள தேங்காய் எண்ணெய் விடாதீங்க, நாளாக நாளாகப் பிசுபிசுன்னு ஆகி குப்பையச் சேத்துக்கும், அதுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு.

மெட்ரோ, கோர்ட், ஏர்போர்ட் போற அன்னிக்கு வீட்டுலயே வச்சிட்டுப் போங்க. பிளைட்ல கொண்டு போயே ஆகணும்னா செக்கின் பண்ற பெட்டிலதான் வைக்கணும், கைப்பைல இருந்தா செக்யூரிட்டில கழட்டி வாங்கிடுவாங்க, திரும்பக் கிடைக்காது. சாவிக்கொத்துல மாட்டியிருக்குற குட்டி கிளாசிக்கத்தான் நிறைய பேர் இப்படி மறந்து பறிகொடுக்குறாங்க.