லெதர் ஜாக்கெட்டை ஒரு சைஸ் பெருசா வாங்காதீங்க

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆழியாறு செக்போஸ்ட் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போக வரும் புதுப் பையன்கள் பலர் லெதர் ஜாக்கெட் மாட்டியிருப்பார்கள். ஆனால் அடி தாங்க உள்ளே வைத்த தோள் பேடு தோளில் இருக்காது, புஜத்தில் பாதி தூரம் இறங்கித் தொங்கும். முழங்கைப் பேடு முன்னங்கையில் கிடக்கும். பல ஆயிரம் ரூபாய் கொட்டிக் கொடுத்து வாங்கிய சாமான். ரெக்சினை லெதர் என்று நம்பி ஏமாறுவது போன்ற சில்லறைத் தவறுகளைப் பற்றி எழுத ஆளிருக்கிறது. இங்கே பணத்தோடு உடம்பையும் பாழாக்குகிற தவறுகளையும், கடைசியில் ஜாக்கெட்டையே கெடுக்கிற இரண்டையும் மட்டும் பார்ப்போம்.

ஒரு சைஸ் பெருசா எடுப்பது

கடையில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான். "அளவா இருக்கறது புடிக்கற மாதிரி இருக்குதுங்ணா. ஒரு சைஸ் பெருசாவே குடுங்க, காத்தோட்டமா இருக்கும். ஊட்டி போனா உள்ளுக்குள்ள சொட்டரும் போட்டுக்கலாம்." கடைக்காரரும் விற்றால் சரி என்று கொடுத்துவிடுவார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் எடுக்கிற பழக்கம் நமக்கு லேசில் போவதில்லை.

ரைடிங் ஜாக்கெட்டின் வேலை பேடை எலும்பு மேல் அசையாமல் நிறுத்துவது. ஜாக்கெட்டின் தோலே அந்தப் பிடிமானம். வளைவில் ஜல்லி சறுக்கி விழும்போது முழங்கை ரோட்டில் பட்டு இழுபடும். கை லூசாக இருந்தால் அந்த இழுப்பில் ஸ்லீவ் சுற்றிக்கொள்ளும், பேடு உள்பக்கம் போய்விடும், எலும்பு நேராகத் தார் ரோட்டில் மோதும். ஜாக்கெட்டில் லேசான கீறல்தான் இருக்கும், உள்ளே முழங்கை கிழிந்திருக்கும். "லெதர் போட்டும் அடிபட்டுருச்சே" என்று புலம்புகிறவர்களின் ஜாக்கெட்டை வாங்கி முழங்கைப் பேடைப் பிடித்துத் திருகிப் பாருங்கள், விஷயம் விளங்கும். பூட்டிய ஜாக்கெட்டில், கையை மடக்கியபடி, வெளியிலிருந்து பேடைப் பிடித்துத் திருகினால் அது சிறிது அசையலாம். முழங்கையை விட்டு விலகவே கூடாது.

காற்றோட்டக் கணக்கும் தப்பு. லூசான ஜாக்கெட் 80 கிலோமீட்டர் வேகத்தில் உப்பும், முதுகில் படபடவென்று அடிக்கும், கழுத்தையும் தோளையும் பின்னுக்கு இழுக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலை ரோட்டில் பக்கவாட்டில் அடிக்கும்போது உப்பிய ஜாக்கெட் வண்டியையே தள்ளும். வெயிலுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்றால் மார்பில் சிறு துளை போட்ட லெதரும் முதுகில் காற்று வெளியேற வழியும் உள்ள ஜாக்கெட்டை எடுங்கள். துளை வழியாக வரும் காற்று பனியனில் ஊறிய வியர்வையைத் தொட்டால்தான் குளிரும். அதற்கு ஜாக்கெட் உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். (தோளிலும் முழங்கையிலும் துளை போட்டிருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.)

சொட்டர் சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குளிரும்தான். அங்கே எத்தனை நாள் ஓட்டப் போகிறீர்கள்? மற்ற நாளெல்லாம் அவினாசி ரோட்டில்தானே? கழற்றி மாட்டும் உள்துணியைக் கழற்றிவிட்டு, ஒரு பனியன் மேல் போட்டு அளவு பாருங்கள். மலைக்குப் போகும்போது மெல்லிய தெர்மல் பனியன் உள்ளே, ரெயின்கோட் மேலே. காற்று புகாமல் தடுத்தாலே பாதிக் குளிர் போய்விடும்.

"போட்டுப் போட்டு லூசாயிரும்" என்பது பாதி உண்மை. 1.2 மில்லிமீட்டர் மாட்டுத்தோல் முழங்கை மடிப்பிலும் முதுகுக் குறுக்கிலும் நன்றாக இளகும். நீளமோ தோள் அகலமோ மாறாது, தொப்பையில் பூட்டாத ஜிப் பூட்டிக்கொள்ளவும் செய்யாது. அதனால் முதுகும் கையும் இறுக்கமாக இருந்தால் துணிந்து வாங்கலாம். வயிற்றில் இறுக்கினால் வேறு வெட்டில் தைத்த ஜாக்கெட் பாருங்கள்.

அளவு எடுப்பதும் சுலபம். அக்குளுக்குக் கீழே, மார்பின் பெருத்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். ஐரோப்பிய சைஸ் 50 என்றால் மார்பு 100 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 40 இஞ்ச். ஜாக்கெட்டைப் பூட்டித் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டியுங்கள். உங்கள் மார்பளவைவிட 8 முதல் 10 சென்டிமீட்டர் கூடுதல் என்றால் போதும். சட்டைக் காலரில் இருக்கும் எண்ணைச் சொல்லி வாங்க வேண்டாம்.

கண்ணாடி முன்னால் நின்று முடிவு பண்ணுவது

நின்று பார்த்தால் நல்ல ரைடிங் ஜாக்கெட் அசிங்கமாகத்தான் இருக்கும். கை முன்னோக்கி வளைந்து நிற்கும், மார்பில் பிடிக்கும், முன்பக்கம் குட்டையாகத் தெரியும். வண்டியில் குனிந்து உட்காருகிற உடம்புக்கு வெட்டியது அது. வாசலில் நிற்கும் உங்கள் வண்டியிலேயே உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். ஜாக்கெட்டின் முதுகு பெல்ட்டை மூட வேண்டும். ஸ்லீவ் மணிக்கட்டு எலும்பைத் தாண்ட வேண்டும். நிற்கும்போது கட்டைவிரல் அடிவரை வந்தால் சரியான நீளம், ஏனென்றால் முழங்கையில் மடிப்பு விழுந்ததும் ஸ்லீவ் சிறிது மேலேறும். காலர் பூட்டி இரண்டு விரல் நுழைய வேண்டும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் லாரியைப் பார்க்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

குறுக்கு ஜிப் மாடலை எல்லோரும் திறந்து போட்டுத்தான் அழகு பார்க்கிறார்கள். 1928இல் நியூயார்க்கில் ஜாக்கெட் தயாரிப்பாளர் இர்விங் ஷாட் இந்த மாடலின் முன்னோடியான 'பெர்ஃபெக்டோ'வைத் தைத்தபோது அந்த ஜிப் சாய்ந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு மடல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நெஞ்சில் காற்றைத் தடுக்கும், குனிந்தால் ஜிப் வயிற்றில் குத்தாது. மேல் வரை பூட்டிப் பார்க்காமல் அதில் அளவு தெரியவே தெரியாது.

பேடை உருவிப் பார்க்காதது

கை, தோள் பேடில் ஈஎன் (EN) 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்க வேண்டும். பக்கத்தில் லெவல் 1 அல்லது 2. சோதனையில் அடி விழும்போது பேடு உள்ளே கடத்தும் விசை சராசரியாக 35 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது லெவல் 1, 20 என்பது லெவல் 2. முதுகுப் பேடுக்கு 1621-2, அங்கே வரம்பு லெவல் 1க்கு 18, லெவல் 2க்கு 9. ஜாக்கெட் முழுவதற்கும் ஈஎன் 17092, அதில் ஏஏஏ மேல்தரம், ஏஏ, ஏ அதற்குக் கீழே. முதுகுப் பையில் கைவிட்டால் பல ஜாக்கெட்டில் வெறும் ஸ்பாஞ்சுதான் கையில் வரும். அதற்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள்.

"டெய்லர்கிட்ட குடுத்துப் புடிச்சுக்கலாம்"

திருப்பூரும் கோயமுத்தூரும் பக்கத்தில் இருப்பதால் வரும் தைரியம் இது. துணியில் தையல் பிரித்தால் ஓட்டை மறையும், தோலில் விழுந்த ஓட்டை அப்படியே இருக்கும். பேண்ட் தைக்கும் மெஷினில் நெருக்கித் தைத்தால் ஸ்டாம்ப் கிழிக்கிற மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும். தோல் ஊசி, பருத்த நைலான் நூல், தையலுக்குத் தையல் 3 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி, இதெல்லாம் தெரிந்த லெதர் டெய்லர் வேண்டும். அவரும் பக்கத் தையலில் ஒரு இஞ்ச், மிஞ்சினால் ஒன்றரை இஞ்ச் பிடிப்பார். தோளில் கை வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. பிரித்துத் தைத்த ஜாக்கெட் சோதனையில் தேறிய பழைய ஜாக்கெட் அல்ல என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜிப்பைத் திறந்துவிட்டு ஓட்டுவது

விழுந்தால் ஜாக்கெட் கழுத்துக்கு ஏறிவிடும். பூட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய்

பாட்டி வைத்தியம் இங்கே வேண்டாம். முதலில் பளபளக்கும், பிறகு சிக்கெடுத்து நாறும், தூசி ஒட்டும், தையல் ஓரம் தொளதொளக்கும். ஈரத்துணியால் உட்புற வியர்வை உப்பைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, லெதர் கண்டிஷனரைத் துளி எடுத்துத் தேய்த்தால் போதும், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை. தோல் பதனிடும் ஈரோட்டுத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் உண்டு. இன்று நீங்கள் வாங்கும் ஜாக்கெட் பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிட்டது. எண்ணெய் ஊற்றி அதை மெத்தென்று ஆக்க வேண்டிய தேவையே இல்லை.

பாலித்தீன் கவரில் மாட்டி வைப்பது

ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியால் மூடி, அகலமான ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கம்பி ஹேங்கர் தோளில் முண்டு விழ வைக்கும், அந்த முண்டு போகாது. நனைந்து வந்தால் வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டாமல் ஃபேன் காற்றில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். அதற்குள் பேடுகளை உருவித் தனியாகக் காய வையுங்கள்.