கிரேக்கம், ரோம் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுக் கட்டுரை எழுதப் பழகுகிறவர்களின் வரைவுகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. கிரேக்கம், ரோம் என்று வந்துவிட்டால் ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. நானும் என்னோடு எழுத வந்தவர்களும் அன்று செய்த அதே தவறுகள்தான் இன்றும் வருகின்றன.

ஜூலியஸ் சீசரைப் பேரரசர் என்று எழுதுவது, கி.மு., கி.பி. குழப்பம் போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். விவரம் தெரிந்த ஒருவர் ஒரு முறை படித்தாலே அவை பிடிபட்டுவிடும்.

"கிரேக்கர்கள் மக்களாட்சி நடத்தினார்கள்"

நடத்தியவர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் ஏதெனியர்கள். கி.மு. 508 வாக்கில் கிளெய்ஸ்தனிஸ் செய்த சீர்திருத்தங்களிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. அப்போது இன்னொரு கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவில் ஒரே நேரத்தில் இரண்டு அரசர்கள் இருந்தார்கள். ஏதென்ஸிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து குடியேறியவர்களுக்கும் மக்கள் மன்றத்தில் இடமில்லை. அரிஸ்டாட்டில் அங்கே பள்ளி நடத்தினார், ஆனால் வடக்கே ஸ்டாகிராவில் பிறந்த அவருக்கு அந்த ஊரில் வாக்கு கிடையாது. இந்த ஒரு தகவலைச் சேர்த்தாலே உங்கள் பத்தி நிமிர்ந்துவிடும்.

476-ல் ரோமை முடித்துவிடுவது

"கி.பி. 476-ல் ரோமானியப் பேரரசு அழிந்தது." இந்த வரியைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அந்த ஆண்டு இத்தாலியில் படைத்தலைவன் ஓடோவாக்கர், ரோமுலஸ் அகஸ்துலஸ் என்ற இளவயதுப் பேரரசனைப் பதவியிலிருந்து இறக்கினான். கொல்லக்கூட இல்லை, உதவித்தொகை கொடுத்து காம்பானியாவுக்கு அனுப்பிவைத்தான். அரச சின்னங்கள் கிழக்குத் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இருந்த பேரரசர் ஜீனோவிடம் போய்ச் சேர்ந்தன. அதாவது, ரோமானியப் பேரரசர் ஒருவர் கிழக்கே ஆண்டுகொண்டுதான் இருந்தார்.

மேற்கில் வரி வசூலும் படையும் நகரங்களும் தேய்ந்துபோனது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் அது பேரரசின் ஒரு பாதிதான். 1204 முதல் 1261 வரை சிலுவைப் படையினர் தலைநகரைப் பிடித்து வைத்திருந்த காலம் போக, மறுபாதி 1453 வரை கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ஆட்சி செய்தது.

வெறும் ஆண்டுக் கணக்கு என்றால் நானும் விட்டுவிடுவேன். இது கட்டுரையின் அடுத்த பாதியையே கெடுத்துவிடுகிறது. அண்மையில் ஓர் இளைஞர் ரோமை 476-ல் முடித்துவிட்டு, அடுத்த பத்தியிலேயே ரோமானியச் சட்டம்தான் ஐரோப்பியச் சட்டங்களுக்கு அடித்தளம் என்று எழுதியிருந்தார். அந்தச் சட்டங்களைத் தொகுத்தது யார் என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு வந்தார்: ஜஸ்டினியன், கான்ஸ்டான்டினோபிள், 529 முதல் 534 வரை. அவர் கட்டுரைப்படி பேரரசு அழிந்து அரை நூற்றாண்டுக்கு அப்புறம்! சட்ட அறிஞர்களின் கருத்துகளை 50 பகுதிகளாகத் திரட்டிய டைஜெஸ்ட் 533-ல் வெளிவந்தது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி இத்தாலியின் போலோன்யாவில் அதைப் பாடமாக நடத்தத் தொடங்கினார்கள், அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது. பாதிக் கட்டுரையை அவர் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

நூல்களின் கதையும் இதுதான். ஹோமரும் பிளேட்டோவும் கிரேக்க மொழியிலேயே நமக்குக் கிடைப்பதற்குக் கிழக்கு ரோமானிய எழுத்தர்கள் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தது பெரிய காரணம். இன்னொரு வழி பாக்தாத். அங்கே 9ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக், கிரேக்க மருத்துவர் காலெனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் மொழிபெயர்த்தார். தாலமி கிரேக்கத்தில் எழுதிய வானியல் நூலை 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் டொலேடோவில் கிரெமோனா ஊர் ஜெரார்டு அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுவந்தார். 476-ல் எல்லாம் முடிந்து, மறுமலர்ச்சிக் காலத்தில் திடீரென்று உயிர்த்தது என்று எழுதினால் இத்தனை பேரின் உழைப்பும் காணாமல் போய்விடுகிறது. என் கோபம் அதற்குத்தான்.

ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் பேச்சாளர் 476-ஓடு முடித்துக்கொண்டதும் ஒரு மாணவி எழுந்தார். "அப்படியென்றால் 1453-ல் துருக்கியர்கள் யாரைத் தோற்கடித்தார்கள், சார்?" மேடையில் பதில் இல்லை. தலைநகரைக் காக்கும் போரில் மாண்ட பதினோராம் கான்ஸ்டன்டைன் தன்னை ரோமானியர்களின் பேரரசர் என்றே சொல்லிக்கொண்டவர். அவரை வென்ற இரண்டாம் மெஹ்மதும் ரோமின் சீசர் என்ற பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

476 என்று எழுதும்போது "மேற்கு" என்று ஒரு சொல் சேருங்கள். அப்புறம் கிழக்கு என்ன ஆனது என்ற கேள்வி தானாக வந்து நிற்கும்.

வெள்ளைப் பளிங்குச் சிலைகள்

வண்ணம் பூசியிருந்தார்கள். உதிர்ந்துவிட்டது.

யவனர் எல்லோரும் ரோம் நகரத்தார்

மேற்கிலிருந்து வந்தவர்களைச் சங்க நூல்கள் யவனர் என்கின்றன. சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்களை அகநானூறு பாடுகிறது. உடனே ரோமிலிருந்து கப்பல் வந்ததாக எழுதிவிடுகிறார்கள். இந்தக் கலங்கள் பெரும்பாலும் கிளம்பியது எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து. அந்த வணிகர்களில் பலர் கிரேக்கம் பேசியவர்கள். முசிறி வணிகத்துக்கான 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று, பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதியது, வியன்னாவில் இருக்கிறது, அதுவும் கிரேக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஹெர்மாபொல்லான் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு அதே பாப்பிரஸின் மறுபக்கத்தில் உள்ளது. ரோமானிய அரசு அந்தச் சரக்கில் நான்கில் ஒரு பங்கைச் சுங்கமாக எடுத்துக்கொண்டது.