ஆழ்கடல் இறாலுக்குப் புளியைக் குறையுங்கள்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஆழ்கடல் இறால் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆனால் வன்னாமி இறால் மாதிரி அதைச் சமைத்துவிடாதீர்கள். வேதாரண்யம் பக்கம் குட்டைகளில் வளரும் வன்னாமிக்குச் சதை கெட்டி, சுவை கொஞ்சம் மட்டு. எவ்வளவு மசாலா போட்டாலும் தாங்கும். ஆழ்கடல் இறாலோ மிருது, நீர்ச்சத்தும் கூடுதல். கடல் உப்பைச் சமாளிக்க அதன் சதையில் சேரும் கிளைசின் என்ற அமினோ அமிலம் தனி இனிப்பைத் தரும். அந்த இனிப்பைப் புளியில் மூழ்கடிப்பது எனக்குப் பொறுக்காது!

குழம்பில் எண்ணெய் பிரிந்த பிறகே இறாலைப் போடுங்கள். 2, 3 நிமிடம் போதும். சுருண்டு வெளுத்ததும் இறக்கிவிடுங்கள். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். தலை கறுத்திருந்தால் வாங்க வேண்டாம்.