ஆயிரம் ரூபாயில் அதிர வைக்கும் பேஸ்: ஹெட்செட்டை எப்படிப் பார்த்து வாங்குவது?

தங்கச்சிமடம் மெயின் ரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பையன்கள் அதிகம் கேட்பது இதுதான்: "அண்ணே, நல்லா பேஸ் அடிக்கிற மாதிரி ஒரு ஹெட்செட் குடுங்க, ஆயிரத்துக்குள்ள." சிலர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல 14 எம்எம் டிரைவர், அதுல 10 தான். அப்ப இதுதானே பேஸ் ஜாஸ்தி?" என்பார்கள். டிரைவர் என்றால் இயர்போனுக்குள் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர். கல்லாவில் நின்றபடி இதற்கு முழுசாகப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பேஸில் (தாழ்ந்த, கனமான ஒலியில்) பெரும்பங்கு, இயர்போனின் ரப்பர் உங்கள் காதுத் துளையை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது. டிரைவர் எந்த வகை, எத்தனை மி.மீ. என்பதெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா ரேடியோ செட் வைத்திருந்தார். முளைப்பாரி, சர்ச் திருவிழா, கல்யாணம் என்று ஊர் ஊராகப் பெட்டி போகும். 18 இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த பேஸ் பெட்டி, திறந்த மைதானத்தில் இருக்கும் அத்தனை காற்றையும் தள்ள வேண்டும். அதனால்தான் அதற்கு அவ்வளவு பெரிய கோனும் பெரிய ஆம்ப்ளிஃபயரும். இயர்போன் அசைக்க வேண்டியது, காதுத் துளைக்குள் அடைபட்ட ஒன்றிரண்டு மில்லி காற்றை மட்டும்தான். அந்தக் காற்று வெளியே ஒழுகாமல் இருந்தால் 10 மி.மீ. டிரைவரே போதும், 30, 40 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30, 40 அதிர்வு) என்ற மிகத் தாழ்ந்த ஒலியைக் கூட நன்றாக உணர வைத்துவிடும். ஓரத்தில் ஊசி நுழையும் அளவு இடைவெளி இருந்தாலும் போச்சு. கீழ் ஒலிகளின் அழுத்தம் அந்த வழியே கசிந்துவிடும். குரலும் ஜால்ராவும் அப்படியே கேட்கும், பேஸ் மட்டும் காணாமல் போகும்.

சந்தேகம் இருந்தால் இப்போதே செய்து பாருங்கள். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் சட்டென்று ஏறினால் உங்கள் டிரைவரில் குறை இல்லை, ரப்பர் சைஸ்தான் தப்பு. பெட்டியில் வரும் சிறியது, நடுத்தரம், பெரியது மூன்றையும் மாட்டிப் பார்க்காமலேயே பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வலது காதுக்கு ஒரு சைஸ், இடது காதுக்கு வேறு சைஸ் தேவைப்படுவது சகஜம். அப்படியும் அடைக்கவில்லை என்றால் ஃபோம் ரப்பர் வாங்குங்கள். விரலால் உருட்டிச் சுருக்கி உள்ளே வைத்துச் சில நொடி பிடித்துக்கொண்டால், அது விரிந்து காதின் வடிவத்துக்கு உட்கார்ந்துகொள்ளும். வியர்வை பட்டால் சீக்கிரம் விறைத்துப் போகும், மாற்ற வேண்டி வரும். பரவாயில்லை, அதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

இதே காரணத்தால், காதின் வாசலில் தொங்கும் மாதிரியான, ரப்பரே இல்லாத இயர்பட்ஸில் பேஸை எதிர்பார்க்காதீர்கள். பெட்டியில் 'எக்ஸ்ட்ரா பேஸ்' என்று எழுதியிருந்தாலும் சரி.

காதை முழுதும் மூடும் பெரிய ஹெட்போனிலும் இதே கதைதான். மூக்குக் கண்ணாடியின் கம்பி மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும். பெரிய கம்மல், ஜிமிக்கி போட்டிருந்தால் அழுத்தி வலிக்கும். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு கல்லூரித் தங்கச்சி, "காக்கா (அண்ணன்) துபாய்ல இருந்து நல்ல ஹெட்போன் கொண்டாந்தாங்க, ஆனா பேஸே இல்லண்ணே" என்று காட்டியது. ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை. தலையை மூடிய துணிக்கு மேல் மாட்டினால் மெத்தை எப்படி அடைக்கும்? துணிக்குள்ளேயே காதில் செருகும் இயர்போனை மாட்டச் சொன்னேன். ரொம்ப விலை குறைந்த ஒன்றுதான். முகம் மலர்ந்துவிட்டது.

டிரைவர் வகைகள்

மலிவு விலையில் நீங்கள் பார்ப்பதில் முக்கால்வாசி டைனமிக் டிரைவர்தான். காந்தம், அதன் இடுக்கில் அசையும் செம்புச் சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். ரேடியோ செட் ஸ்பீக்கர் வேலை செய்யும் அதே முறை. சவ்வு முன்னும் பின்னும் தாராளமாக நகர முடிவதால் பேஸுக்குத் தோதானது. செய்வதற்கும் செலவு குறைவு. பேஸ் பிரியர்களுக்கு என் பதில் இதுதான்: பக்கத்துக்கு ஒரே ஒரு நல்ல டைனமிக் டிரைவர்.

அளவைப் பற்றிய கேள்விக்கு வருவோம். 14 மி.மீ. டிரைவருக்குப் பரப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் சவ்வு எவ்வளவு தளர்வாக நகர்கிறது, இயர்போனின் கூட்டுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது, கூட்டில் போட்டிருக்கும் ஊசித் துளை எங்கே, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் சேர்ந்துதான் பேஸைத் தீர்மானிக்கின்றன. காதை அடைக்காத 14-ஐ விட, கச்சிதமாக அடைக்கும் 10 நன்றாகவே அடிக்கும். டைட்டானியம் பூச்சு, கிராஃபீன் சவ்வு என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இந்த விலையில் வெறும் பெயரை வைத்து ஒலியை முடிவு செய்ய முடியாது.

அடுத்தது பேலன்ஸ்டு ஆர்மேச்சர். காது கேட்கும் கருவிகளுக்காக வளர்ந்த தொழில்நுட்பம் இது. ஒரு குட்டி உலோகப் பெட்டிக்குள், காந்தங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய உலோக நாக்கு அதிரும். அந்த அதிர்வு ஒரு சிறு கம்பி வழியாகச் சவ்வுக்குப் போகும். குரல், வீணை, வயலின் எல்லாம் துல்லியமாகப் பிரிந்து கேட்கும். ஆனால் ஒற்றை ஆர்மேச்சர் தள்ளும் காற்று குறைவு. பேஸ் இருக்கும், நெஞ்சில் குத்தாது. பேஸுக்கென்றே செய்த பெரிய ஆர்மேச்சர்கள் உண்டு, அவை நம் பட்ஜெட்டில் வராது.

இரண்டையும் சேர்த்து, கீழ் ஒலிக்கு டைனமிக், மேல் ஒலிக்கு ஆர்மேச்சர் என்று போட்டால் ஹைப்ரிட். நன்றாகச் செய்தால் அருமை. மலிவாகச் செய்தால் 'ச', 'ஸ' எழுத்துகள் காதைக் கீறும். இரண்டு டிரைவர், நாலு டிரைவர் என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆயிரம் ரூபாயை நாலாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும்?

பிளானர் என்பது வேறு ரகம். மெல்லிய படலம் முழுக்க மின்பாதை பதித்து, காந்த வரிசைக்கு முன்னால் நிறுத்தியிருப்பார்கள். முழுப் பரப்பும் ஒன்றாக அசைவதால் பேஸ் ஆழமாகவும் சுத்தமாகவும் இறங்கும். ஆனால் ஓங்கிக் குத்துகிற பேஸ் பிடித்தவர்களுக்கு இது கொஞ்சம் அடக்கமாகத் தெரியலாம். கரண்டும் அதிகம் கேட்கும். விலை முன்பை விட நிறைய இறங்கியிருக்கிறது, இருந்தாலும் ஆயிரத்துக்குள் தேட வேண்டாம். கன்ன எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்செட்டில் பேஸ் மெலிவாகத்தான் இருக்கும். காது திறந்திருப்பதால் ரோட்டில் ஓடுகிறவர்களுக்கு நல்லது, அவ்வளவே.

கடையில் நின்று கேட்டுப் பார்ப்பது

பெட்டியில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். மனிதக் காது கேட்கும் எல்லையே அதுதான், அதனால் பெரும்பாலான பெட்டிகளில் அதே எண்தான் இருக்கும். அந்த எல்லைக்குள் எது தூக்கலாக, எது அடங்கி இருக்கிறது என்பதை அது சொல்லாது. பார்க்க வேண்டிய எண் ஓம், அதாவது மின்தடை. 16, 32 ஓம் என்றால் போனிலேயே தாராளமாகப் பாடும். 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்போனை யாராவது மலிவாகத் தந்தாலும், தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாங்காதீர்கள்.

மற்றபடி காதுதான் அளவுகோல். நான் கடையில் போட்டுக் காட்டுவது உறுமி மேளம். உறுமியின் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அந்த முனகல் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே போகும். நல்ல இயர்போனில் அது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காது பின்தொடர்ந்து போகலாம். மோசமானதில் ஏற்ற இறக்கம் எல்லாம் அழிந்து 'ஊம்ம்' என்று ஒரே கட்டியாக நிற்கும். பேஸ் அதிகமாக இருப்பதற்கும் நன்றாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் தவில். வலந்தலை என்ற வலப் பக்கத்தில் விரல் கூடுகள் விழும் அடி சுரீரென்று வர வேண்டும், குச்சியால் அடிக்கும் தொப்பி என்ற இடப் பக்கம் கனமாக வந்து உடனே நிற்க வேண்டும். தொப்பியின் சத்தம் இழுத்துக்கொண்டே போய் அடுத்த அடியோடு கலந்தால், 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை கண்டபடி தூக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் பாடகர் குரலும் மங்கித்தான் கேட்கும். முதல் பாட்டுக்கு 'அடேயப்பா' என்று இருக்கும், அரை மணி நேரத்தில் தலை வலிக்கும்.

கடைசியாக, யூடியூபில் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலிகள் நிறைய உண்டு. சத்தத்தைக் குறைத்து வைத்து ஓட்டுங்கள். 40 ஹெர்ட்ஸ் பக்கமே ஒலி தெரிய ஆரம்பித்து, கரகரப்பு இல்லாமல் சீராக ஏறினால் நல்ல சரக்கு. காதில் செருகும்போது மட்டும் 'மொடக்' என்று சவ்வு மடங்கும் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் அது. மெதுவாகச் செருகுங்கள்.

எதை வாங்குவது என்று நேராகக் கேட்பவர்களுக்கு: 500 ரூபாய் பக்கம் என்றால் போட் பாஸ்ஹெட்ஸ் 100 போன்ற 10 மி.மீ. டைனமிக் வயர் ஹெட்செட். நுணுக்கம் குறைவு, குத்து உண்டு. ஆயிரத்தை ஒட்டி என்றால் கேஇசட் இடிஎக்ஸ் ப்ரோ. பேஸும் மேல் ஒலியும் தூக்கல், திருவிழாப் பாட்டுக்கு ஏற்றது. இரண்டாயிரம் பக்கம் போக முடிந்தால் 7ஹெர்ட்ஸ் ஸீரோ 2. பேஸ் நன்றாக இறங்கும், குரலையும் கெடுக்காது. அதே விலை ஒட்டிய மூன்டிராப் சூ 2-வில் பேஸ் அளவோடுதான் இருக்கும், குரல் பிரியர்களுக்கு அதைத் தருவேன். போட்டைத் தவிர மற்ற மூன்றிலும் கேபிளைக் கழற்றலாம், அறுந்தால் கேபிள் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கழற்றி மாட்டும்போது ஒரு பக்கத்தின் கேபிள் முனையில் உள்ள இரண்டு பின்களும் இடம் மாறிவிடக் கூடாது. ப்ளஸ் மைனஸ் மாறினால் பாட்டு தலைக்கு நடுவில் நிற்பதுபோல் கேட்காமல் கலைந்து, பேஸ் வெளிறிப் போகும். இயர்போன் கெட்டுவிட்டது என்று என்னிடம் வந்தவற்றில் சிலவற்றுக்குத் தேவைப்பட்டது அந்தப் பின்னைத் திருப்பி மாட்டுவது மட்டும்தான்.

போனில் 3.5 மி.மீ. ஓட்டை இல்லையென்றால் டைப்-சி மாற்றி ஒன்று தேவைப்படும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடலுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

படகில் டீசல் இன்ஜின் ஓடும்போது அதன் உறுமல் பாட்டின் பேஸ் இருக்கும் அதே இடத்தில்தான் உட்காரும். பேஸ் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காது போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று எல்லை சொல்கிறது, சத்தம் ஏற ஏற அந்த நேரம் வேகமாகக் குறையும். நன்றாக அடைக்கும் ரப்பர் இருந்தால் குறைந்த சத்தத்திலேயே பேஸ் கேட்கும். வெளிச்சத்தத்தை அழிக்கும் ஏஎன்சி வசதி, இப்படிப்பட்ட இன்ஜின் இரைச்சலில்தான் நன்றாக வேலை செய்யும். ராமேஸ்வரம் – மதுரை ரயிலிலும் பஸ்ஸிலும் கைகொடுக்கும். ஆனால் தம்பிகளே, வலை இழுக்கும்போதும் வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் எந்திரம்) ஓடும்போதும் காதில் எதுவும் வேண்டாம். கூப்பிடுகிற குரல் கேட்காமல் போனால் ஆபத்து.

வள்ளத்தில் போகிறவர்கள் ப்ளூடூத் வாங்குவதாக இருந்தால் நெக்பேண்ட் எடுங்கள். கழுத்தில் கிடக்கும், காதிலிருந்து நழுவினாலும் தண்ணீரில் விழாது. தண்ணீர் தாங்கும் தரம் ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை, உப்புத் தண்ணீர் அந்தக் கணக்கில் சேராது. பாம்பன் காற்றில் வைத்தாலே ஜாக் முனையில் பச்சைக் களிம்பு ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காய வைத்த பிறகே சார்ஜ் போடுங்கள். உப்பு ஈரத்தோடு சார்ஜில் மாட்டினால் டைப்-சி முனை அரித்துப் போகும். என் கடைக்கு வரும் நெக்பேண்டுகளில் அதிகம் பார்ப்பது இந்தக் கோளாறுதான். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். ரப்பரைக் கழற்றி, குழாய் முனையில் இருக்கும் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காதழுக்கும் உப்பும் அடைத்திருக்கும். கூட்டின் வெளிப்பக்கம் உள்ள ஊசித் துளையை மட்டும் குண்டூசியால் குத்திவிடாதீர்கள். உள்ளே சவ்வு இருக்கிறது.