பனிச்சரிவில் ஒருவர் விழுந்து கிடந்தால்

பனிச்சறுக்கில் யாராவது விழுந்து எழாமல் கிடந்தால், அவருக்குச் சற்று மேலே உங்கள் சறுக்குக் கட்டைகள் இரண்டையும் பெருக்கல் குறிபோலப் பனியில் ஊன்றி நிறுத்துங்கள். மேலிருந்து வேகமாக வருபவர்களுக்கு அதுதான் எச்சரிக்கை; சரிவில் ரோந்து வந்து அடிபட்டவர்களை மீட்கும் குழுவினரும் அதை வைத்தே இடத்தைக் கண்டுகொள்வார்கள். அவர் மேட்டுக்கு அப்பால் மறைவாகக் கிடந்தால், மேட்டின் உச்சியிலேயே ஊன்ற வேண்டும். பதற்றத்தில் மறந்துபோவது இதைத்தான்.

உடனே ரோந்துக் குழுவை அழைத்து, தடத்தின் பெயரையும் அருகில் தெரியும் அடையாளப் பலகையையும் சொல்லுங்கள்.

தூக்கி உட்காரவைக்காதீர்கள். மூச்சுக்குத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். பூட்ஸும் காலிலேயே இருக்கட்டும். கணுக்கால் முறிந்திருந்தால் பூட்ஸின் இறுக்கமே கட்டுப்போட்டதுபோல் தாங்கிப் பிடிக்கும். மேல்கோட்டைப் போர்த்திவிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பனியில் அசையாமல் கிடக்கும் உடல் விரைவில் குளிர்ந்துவிடும்.