வெனிலா டீ: மூக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

வெனிலா டீ டப்பாவைத் திறந்தால் பேக்கரிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். முக்கால்வாசிப் பேர் அந்த இடத்திலேயே "நல்ல டீ" என்று முடிவுகட்டிவிடுகிறோம். தண்ணீர் இன்னும் அடுப்பில்கூட ஏறியிருக்காது. இந்த டீயை எடைபோடுவதில் நாம் செய்யும் தவறுகளில் பாதி அந்த அவசரத்தில் பிறப்பவை.

பால் கலக்காமல் குடிக்கிற பிளாக் டீயில் வெனிலா வாசனை ஏற்றிய வகையைத்தான் சொல்கிறேன். இலங்கைத் தேயிலைக் கம்பெனிகள் பலவும் இதைப் போடுகின்றன. கொழும்பிலிருந்து வருகிற சொந்தக்காரர் பெட்டியில் ஒரு பாக்கெட்டாவது இருக்கும். குடிப்பதற்கு இலக்கணம் எதுவும் வேண்டாம், பிடித்தால் குடிக்கலாம். ஆனால் இரண்டு டப்பாவில் எது உசத்தி, கொடுத்த காசுக்குத் தகுமா என்று பார்க்க வேண்டுமானால் வெனிலாவைத் தனியாகவும் தேயிலையைத் தனியாகவும் பார்க்கத் தெரிய வேண்டும். சிக்கல் என்னவென்றால், வெனிலா தேயிலையைப் பேசவே விடாது.

முதலில் உலர்ந்த இலை. பெரிய உருளையில் தேயிலையைப் போட்டுச் சுழற்றி, திரவ வாசனைப்பொருளை அதன்மேல் தெளிப்பதுதான் வழக்கமான முறை. டப்பாவைத் திறந்ததும் முகத்தில் மோதுவது அந்த மேற்பூச்சு. அதில் எளிதில் ஆவியாகும் சரக்குகள் முந்திக்கொண்டு வரும். வெனிலாவின் உயிரான வெனிலின் அப்படிப்பட்டதல்ல. அதன் கொதிநிலை ஏறத்தாழ 285 டிகிரி செல்சியஸ். மெதுவாக எழும், நெடுநேரம் தங்கும். ஆகவே அதை எடைபோட வேண்டிய இடம் டப்பாவின் வாய் அல்ல, வெந்நீரில் ஊறி எழுந்த இலையும் குடித்து முடித்த வெறுங்கோப்பையும்தான். டீயை வடித்தபின் பாத்திரத்தில் கிடக்கும் ஈர இலையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். தேயிலை வாசனையும் சேர்ந்து வந்தால் சரி. வெறும் கேக் வாசனை மட்டும் வந்தால், மூலத்தேயிலையில் பெரிய சரக்கு இல்லை என்ற சந்தேகம் வர வேண்டும்.

அடுத்தது இனிப்பு. இதில் நானே ஏமாந்திருக்கிறேன். உறவினர் வீட்டில் கொடுத்த வெனிலா டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கே அத்தை" என்றேன். "சர்க்கரையே போடலப்பா" என்றார்கள். கோப்பையை வாங்கி மறுபடி குடித்துப் பார்த்தேன், அப்போதும் எனக்கு இனிக்கத்தான் செய்தது.

வெனிலாவுக்கு இனிப்புச் சுவை கிடையாது. வெனிலா எசென்ஸில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் கசக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து ஐஸ்கிரீம், கேக், கஸ்டர்டு என்று சர்க்கரையோடு சேர்த்தே அதைச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறோம். அந்த வாசனை வந்தாலே மூளை ஒரு ஸ்பூன் சர்க்கரையைத் தானாகவே போட்டுவிடுகிறது. "இயற்கையான இனிப்பு உள்ள தேயிலை" என்று இதைப் பாராட்டுபவர்கள் உண்மையில் தங்கள் நினைவைப் பாராட்டுகிறார்கள்.

இதற்கு மருந்து சுலபம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். சிரிக்காதீர்கள், இதைவிட நல்ல கருவி வீட்டில் வேறு இல்லை. மூக்கு அடைபட்டதும் வெனிலா காணாமல் போய்விடும். நாக்கில் மிஞ்சுவது தேயிலை: எவ்வளவு துவர்ப்பு, எவ்வளவு கசப்பு, தண்ணீர் மாதிரி ஓடுகிறதா, கொஞ்சம் கனமாக நிற்கிறதா. துவர்ப்பிலும் இரண்டு விதம் உண்டு. நல்ல தேயிலையின் துவர்ப்பு ஈறை லேசாகச் சுண்டிவிட்டு உமிழ்நீரை வரவழைக்கும். தேயிலைக்காரர்கள் 'பிரிஸ்க்' என்று சொல்வது இதைத்தான். மட்டமான தேயிலை வாயைப் பச்சை வாழைக்காய் கடித்த மாதிரி ஒட்டவைக்கும், அல்லது ஒன்றுமே செய்யாது. அதைக் குறித்துக்கொண்டு மூக்கை விடுங்கள். தொண்டைக்குப் பின்னாலிருந்து வெனிலா ஏறி வரும். அது துவர்ப்பின் மேல் மெத்தை விரித்த மாதிரி வந்து அமர்ந்தால் கலவை நன்றாகப் பொருந்தியிருக்கிறது. தேயிலை ஒரு பக்கம், வாசனை ஒரு பக்கம் என்று இரண்டும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி நின்றால் பொருந்தவில்லை.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. பழைய தேயிலையின் காகித வாடை, பூஞ்சை வாடை எல்லாம் மூக்கின் விஷயம், மூக்கைப் பிடித்தால் அவையும் தெரியாது. அவற்றைப் பிடிக்கக் கோப்பை ஆற வேண்டும்.

எங்கள் வீட்டில் "சூடா குடிச்சாத்தான் டீ" என்று ஒரு கட்சி உண்டு. குடிப்பதற்குச் சரி, மதிப்பிடுவதற்குச் சரியில்லை. ஆவி பறக்கும்போது நாக்குக்குச் சூடுதான் தெரியும், சுவை தெரியாது. ஊற்றி ஐந்து நிமிடம் விட்டு ஒரு வாய், வெதுவெதுப்பானதும் ஒரு வாய், முழுக்க ஆறியபின் ஒரு வாய் என்று மூன்று தடவை பாருங்கள். குறை எல்லாம் மூன்றாவது வாயில் வெளிவரும். மருந்து நெடி, பிளாஸ்டிக் வாடை, அடிநாக்கில் தங்கும் செயற்கைக் கசப்பு, எல்லாமே அப்போதுதான் தெரியும். உறிஞ்சும்போது 'சர்ர்' என்று சத்தமாக உறிஞ்சுங்கள். குன்னூரிலும் கொழும்பிலும் ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். காற்றும் டீயும் கலந்து வாசனை மூக்கின் பின்வாசல் வழியாக ஏறுவதற்காகச் செய்வது அது, மரியாதைக் குறைவு அல்ல.

ஆறும்போது சிலருக்கு இன்னொரு பயம் வரும். தெளிவாக இருந்த டீ கலங்கி, பால் சிந்தின மாதிரி மங்கும். "எசென்ஸ் திரிஞ்சுபோச்சு" என்று கொட்டிவிடாதீர்கள். தேயிலையில் உள்ள தியாஃபிளேவின் என்ற நிறப்பொருளும் கஃபீனும் குளிர்ச்சியில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்வதால் வரும் கலங்கல் அது. கொஞ்சம் சூடுபடுத்தினால் தெளிந்துவிடும். திடமான தேயிலையில்தான் இது நன்றாகத் தெரியும், அதனால் மதிப்பெண் குறைக்காதீர்கள், கூட்டவே செய்யலாம்.

இனி டீ போடும் விதம். இரண்டு டப்பாவை ஒப்பிடும்போது ஒன்றுக்கு ஒரு ஸ்பூன், இன்னொன்றுக்கு ஒரு ஸ்பூன் என்று போடுவது நியாயம் போலத் தெரியும், ஆனால் அநியாயம். உருண்டை உருண்டையாக இருக்கும் சி.டி.சி. தூள் ஸ்பூனில் நெருக்கமாக அமரும், சுருண்ட இலை காற்றோடு அமரும். எடைதான் கணக்கு. தேயிலையை ருசி பார்க்க ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. 1980இல் வந்தது, 2019இல் திருத்தினார்கள். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடிய பீங்கான் பாத்திரத்தில் 6 நிமிடம், அவ்வளவுதான். இதன் பிரிட்டிஷ் வடிவத்துக்கு 1999இல் இக் நோபல் என்ற கிண்டல் பரிசைக்கூடக் கொடுத்தார்கள், ஒரு கோப்பை டீ போட ஆறு பக்கமா என்று. கிண்டலை விடுங்கள், விஷயம் இதுதான்: ருசியான டீ போட இந்த முறை சொல்லித்தரவில்லை. யார் போட்டாலும் ஒரே மாதிரி வர வேண்டும், குறை இருந்தால் மறையாமல் தெரிய வேண்டும் என்பதற்காக வைத்த விதி. 6 நிமிடத்தில் வெனிலா டீ கடுகடுவென்றுதான் இருக்கும். அதைக் குடித்துவிட்டு "கசப்பு" என்று எழுதுவதும் தவறு, அதே டீயைச் சொந்தமாகக் குடிக்க 6 நிமிடம் ஊறவைப்பதும் தவறு. குடிக்க 3, 4 நிமிடம் போதும்.

நம் வீட்டு வழக்கப்படி தூளைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்தால் கதை முடிந்தது. இலேசான வாசனைகள் சமையலறைக்குப் போய்விடும், துவர்ப்பு மட்டும் டம்ளருக்கு வரும். அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரை இலைமேல் ஊற்றி மூடி வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் போர் தண்ணீரில் போட்ட டீயின் மேல் ஏடு மாதிரி ஒரு படலம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தும் தேயிலையின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. அந்தத் தண்ணீரில் எந்தத் தேயிலையும் மந்தமாகத்தான் தெரியும், தேயிலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எந்தத் தேயிலையை எதிர்பார்க்கிறோம் என்பதிலும் தவறு நடக்கிறது. இலங்கையில் நுவரெலியாவின் மென்மையான உயர்மலைத் தேயிலையோ, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பருவத்தில் ஊவாவில் கிடைக்கும் புதினாச் சாயல் கொண்ட தேயிலையோ வெனிலாவுக்கு அடியில் அமுங்கிப்போகும். அவற்றை வெனிலாவோடு கலப்பது பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போடுவதுபோல. வெனிலாவைத் தாங்க அஸ்ஸாம் மாதிரியோ, இலங்கையில் 600 மீட்டருக்குக் கீழே ருகுணு, சப்ரகமுவைப் பக்கம் விளைவது மாதிரியோ திடமான, நிறம் கொடுக்கிற தேயிலை வேண்டும். எனவே "நுவரெலியா நயம் இல்லை" என்று வெனிலா டீக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். வாசனை இருந்தும் உள்ளே உடம்பு இல்லை என்றால் தாராளமாகக் குறைக்கலாம். இலங்கை மலையகத்தில் சாயத்தண்ணி, அதாவது பால் விடாத டீ, குடித்து வளர்ந்தவர்களிடம் ஒரு கோப்பை கொடுத்துப் பாருங்கள், வெனிலாவைத் தாண்டிச் சாயத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

இனி, அசலா போலியா என்ற பெரிய வழக்கு. இதில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும், பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்: வாசனை பலமாக இருந்தால் அசல் வெனிலா என்று. பதப்படுத்திய வெனிலாக் காயில் வெனிலின் எடையில் 2 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். கூடவே நூற்றுக்கணக்கான வேறு சேர்மங்கள் துளித்துளியாக இருக்கும். அவைதான் உலர்திராட்சை, மரப்பட்டை, லேசான புகை போன்ற சாயல்களைக் கொடுக்கின்றன. அசல் வெனிலா அடக்கமானது, பல அடுக்கு கொண்டது. ஓங்கி அறைவது பெரும்பாலும் ஆலையில் செய்த வெனிலின், அல்லது அதைவிட இரண்டு, மூன்று மடங்கு வீரியமான எத்தில் வெனிலின். வெனிலினைக் காயிலிருந்து பிரித்தெடுத்தது 1858இல், ஆய்வகத்தில் செய்தது 1874இல். அதாவது உங்கள் பாட்டியின் பாட்டி காலத்திலேயே செயற்கை வெனிலா வந்துவிட்டது.

அதற்காகச் செயற்கை என்றாலே மட்டம் என்று ஒதுக்குவதும் சரியல்ல. காயில் இருக்கும் வெனிலினும் ஆலையில் செய்த வெனிலினும் ஒரே மூலக்கூறுதான். நல்ல தேயிலையில் அளவாகச் சேர்த்த செயற்கை வெனிலின், சொத்தைத் தேயிலையில் கொட்டிய அசல் எக்ஸ்ட்ராக்ட்டை விட நல்ல டீயைத் தரும். கோப்பையில் இருப்பதை மதிப்பிடுங்கள், விலையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெனிலாப் பூ ஒரே ஒரு நாள்தான் விரிந்திருக்கும், ஒவ்வொன்றையும் கையால் மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டும். அந்த எளிய முறையை 1841இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தவன் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். இன்றும் தோட்டங்களில் நடப்பது அவன் காட்டிய வழிதான். 2000களின் தொடக்கத்தில் விலை ஏறியதைப் பார்த்து கேரளாவிலும் கர்நாடகாவிலும் நம் பொள்ளாச்சிப் பக்கமும் வெனிலாக் கொடி வைத்தவர்கள், விலை சரிந்தபோது பட்ட பாட்டைக் கேட்டால் தெரியும் அது எவ்வளவு உழைப்பு வாங்கும் பயிர் என்று. மலிவு டப்பாவில் அந்த உழைப்பு இருக்க வாய்ப்பில்லை.

கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தும் மயங்க வேண்டாம். சாரத்தை எடுத்தபின் மிஞ்சும் வெனிலா விதைச் சக்கையைத் தனியாக விற்கிறார்கள். ஐஸ்கிரீமில் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் பல சமயம் அதுதான், பார்வைக்கு மட்டும். 'பிரெஞ்ச் வெனிலா' என்ற பெயரும் அப்படியே. பிரான்ஸில் விளைந்தது என்று அர்த்தமில்லை. முட்டை மஞ்சள்கரு சேர்த்த கஸ்டர்டு பாணி சுவை என்று பொருள். அதில் காயின் மரச்சாயலைத் தேடிவிட்டு ஏமாற்றம் என்று எழுதாதீர்கள்.

ருசி பார்க்கும் சூழலைப் பற்றிப் பலர் நினைப்பதே இல்லை. சாம்பாருக்குத் தாளிக்கிற நேரம், ஊதுபத்தி புகைகிற அறை, தலையில் மல்லிகை, கையில் சோப்பு வாசனை, இவற்றில் ஒன்று இருந்தாலே வெனிலா தோற்றுவிடும். பிளாஸ்க்கின் ரப்பர் வளையம் நேற்றைய காபியை இன்னும் மறந்திருக்காது. வெள்ளைப் பீங்கான் கோப்பையே நல்லது, நிறமும் தெரியும். ஒரே அமர்வில் நாலைந்து வாசனை டீக்கு மேல் வேண்டாம், மூக்கு மரத்துப்போகும். காபிக்கொட்டையை முகர்ந்தால் சரியாகிவிடும் என்பார்கள். வாசலில் போய் இரண்டு நிமிடம் சும்மா நின்றாலே போதும். வாசனை இல்லாத டீயை முதலில் குடியுங்கள், வெனிலாவைக் கடைசியில். வரிசை மாறினால் எல்லாக் கோப்பையிலும் வெனிலா இருப்பதாகத் தோன்றும்.

உங்கள் நாக்கின்மேல் உங்களுக்கே சந்தேகம் இருந்தால், வீட்டில் யாரையாவது மூன்று கோப்பை ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு. எது வேறு என்று கண்டுபிடியுங்கள். ஒருமுறை சரியாகச் சொன்னால் பெருமைப்பட வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்தாறு தடவை செய்தும் பிடிபடவில்லை என்றால் விலை குறைந்ததையே வாங்கிக்கொள்ளலாம்.

பாலைக் கடைசியில் சேருங்கள். பால் புரதம் துவர்ப்பையும் பிடித்துக்கொள்ளும், வெனிலினையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். ஆக, பால் விட்டபின் எல்லா வெனிலா டீயும் ஓரளவு நல்ல டீதான்.

அப்புறம், வைக்கும் இடம். தேயிலை வாசனையை உறிஞ்சும் பொருள். பெருங்காயம், கருவாடு பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். வெனிலா டீ பக்கத்தில் சாதாரணத் தூளை வைக்கக் கூடாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. காலை டீயைக் குடித்த மாமனார், "மாப்ள, இன்னிக்கு யாருக்காவது பொறந்தநாளா?" என்றார். இன்னொன்றையும் கவனியுங்கள்: வெனிலா டீ டப்பாவில் வெனிலா சாவதற்கு வெகு முன்பே தேயிலை செத்துப்போகும். ஒன்றரை வருடம் கழித்துத் திறந்தாலும் வாசனை ஜம்மென்று இருக்கும், கோப்பையில் உயிர் இருக்காது. வாங்கிய அன்றே டப்பாவின் அடியில் தேதியை எழுதி வையுங்கள்.